2 பன்றி, 1 கன்றுத் தோல், 1 குதிரை: நெட் கெல்லி திருடனா, போலீஸ் உருவாக்கிய குற்றவாளியா?

தலையில் வாளியைக் கவிழ்த்ததுபோல ஓர் இரும்புக் கவசம். கண்களுக்காக மட்டும் ஒரு நீளமான கீறல். இந்தப் படத்தை ஏதாவது டி-ஷர்ட்டிலோ, சினிமா போஸ்டரிலோ நீங்கள் பார்த்திருக்கலாம். ஆஸ்திரேலியாவின் மிகப் பிரபலமான கொள்ளைக்காரன் நெட் கெல்லியின் அடையாளம் அது.

உலகின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று யுனெஸ்கோ அங்கீகரித்திருக்கும் 1906-ம் ஆண்டு ஆஸ்திரேலியப் படம், இவருடைய கும்பலைப் பற்றியதுதான். தூக்கிலிடப்பட்டு ஏறத்தாழ 145 ஆண்டுகள் ஆகியும், அவர் ஹீரோவா, கொலைகாரரா என்ற சண்டை அந்த நாட்டில் ஓயவில்லை.

அந்தச் சண்டைக்குள் நாம் போகப்போவதில்லை. இங்கே கேட்கப்போவது வேறு கேள்வி. பன்றி, மாடு, குதிரை என்று சின்னச் சின்ன வழக்குகளில் தொடங்கிய ஒரு குடும்பத்தின் கதை, 3 போலீஸ்காரர்களின் கொலையில் போய் முடிந்தது எப்படி? நடுவில் போலீஸ் என்ன செய்தது?

2 பன்றிக்கு 7 ஆண்டு

கதை அயர்லாந்தில் தொடங்குகிறது. நெட்டின் அப்பா ஜான் கெல்லி. 'ரெட்' கெல்லி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். டிப்பரரி பகுதியைச் சேர்ந்த ஏழை. 2 பன்றிகளைத் திருடியதாக 1841-ல் தண்டிக்கப்பட்டார். தண்டனை என்ன தெரியுமா? 7 ஆண்டு நாடுகடத்தல். இன்றைய டாஸ்மேனியாவான வான் டீமன்ஸ் லேண்டுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் அரசுக்கு இது வழக்கமான ஏற்பாடு. ரொட்டி, துணி, ஆடு, பன்றி என்று எதைத் திருடி மாட்டினாலும், கடல் கடந்து போய் ஒரு புதிய காலனியைக் கட்டியெழுப்பும் உழைப்பாளியாக மாற்றிவிடுவார்கள். 1788 முதல் 1868 வரை இப்படி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் சுமார் 1,60,000 பேர். சிறு திருட்டுக்குத் தண்டிக்கப்பட்டவர்களைக் கொண்டே ஒரு சமூகம் உருவானது என்றால், அங்கே 'திருடன்' என்ற சொல் எவ்வளவு கனமானது என்று யோசித்துப் பாருங்கள்.

தண்டனை முடிந்ததும் ரெட் கெல்லி விக்டோரியா பகுதிக்கு வந்தார். அயர்லாந்திலிருந்து குடிவந்த எல்லன் குவின் என்ற பெண்ணை 1850-ல் திருமணம் செய்தார். மெல்போர்னுக்கு வடக்கே பெவரிட்ஜ் என்ற ஊரில், 1854 கடைசி அல்லது 1855-ல், நெட் பிறந்தார்.

நிலம் யாருடையது?

இந்தக் கதை புரிய, நிலத்தின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

விக்டோரியா பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழங்குடிகளின் நிலம். 1830-களில் ஆட்டு மந்தைகளோடு வெள்ளைக் குடியேறிகள் உள்ளே வந்தார்கள். 1838-ல், பின்னாளில் கெல்லி குடும்பம் வாழ்ந்த பகுதிக்குப் பக்கத்தில், பெனல்லா என்ற இடத்தில் பழங்குடிகள் ஓர் ஆட்டு மந்தைக் குழுவைத் தாக்கிச் சிலரைக் கொன்றார்கள். அதற்குப் பழிவாங்கலாகப் பழங்குடிகள் பலர் கொல்லப்பட்டார்கள். நிலத்தைப் பிடுங்கிய இந்தச் செயலை எந்த நீதிமன்றமும் திருட்டு என்று சொல்லவில்லை.

முதலில் வந்தவர்கள் பல்லாயிரம் ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை வளைத்துப்போட்டார்கள். 'ஸ்குவாட்டர்' என்று அவர்களுக்குப் பெயர். நம் மொழியில் சொன்னால் பெரும்பண்ணையார்கள். 1860-களில் அரசு புதிய நிலச் சட்டங்களைக் கொண்டுவந்து, ஏழைகளும் சிறு நிலத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றது. அப்படி வந்தவர்கள் 'செலக்டர்'கள். நல்ல மண்ணும் தண்ணீரும் பெரும்பாலும் பண்ணையார் கையிலேயே இருந்துவிட்டன. செலக்டருக்குக் கிடைத்ததோ, வாடகை கட்டி, வேலி போட்டு, பயிர் வைத்துக் காட்டினால்தான் சொந்தமாகும் நிலம்.

வேலி போடக் காசில்லை என்றால் மாடும் குதிரையும் பண்ணைக்குள் போய்விடும். பண்ணையார் அதைப் பிடித்துப் பவுண்டில் அடைப்பார். நம்மூரில் பயிரை மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைப்பார்கள் இல்லையா, அதேதான். அபராதம் கட்டினால்தான் மீட்க முடியும். கட்ட முடியாதவரின் மாடு ஏலத்துக்குப் போய்விடும். ராத்திரியோடு ராத்திரியாக அதை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டால், சட்டப்படி அது குற்றம். அந்தப் பக்கத்துச் செலக்டர்கள் பலருக்கு அது அப்படித் தெரியவில்லை.

கன்றுத் தோலும் பச்சைப் பட்டும்

1865-ல் ஏவனல் என்ற ஊரில் ரெட் கெல்லி மறுபடியும் சிக்கினார். பண்ணையாரின் கன்றைக் கொன்று தின்றார் என்று புகார். மாட்டுத் திருட்டு நிரூபணமாகவில்லை. ஆனால் வீட்டில் இருந்த தோலுக்குக் கணக்குச் சொல்ல முடியவில்லை. 25 பவுண்டு அபராதம், இல்லாவிட்டால் 6 மாதச் சிறை. அவரிடம் பணம் இல்லை. சிறைக்குப் போனார். திரும்பி வந்தவர் குடியில் விழுந்தார். 1866 டிசம்பரில் இறந்தார். அப்போது நெட்டுக்கு 12 வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ.

அதே ஏவனலில், ஓடையில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு சிறுவனை நெட் குதித்துக் காப்பாற்றினார். அந்தச் சிறுவனின் குடும்பம் நன்றியாக ஒரு பச்சைப் பட்டு இடைக்கச்சையைக் கொடுத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

விதவையான எல்லன் பிள்ளைகளோடு வடகிழக்கு விக்டோரியாவில் கிரெட்டா என்ற ஊருக்குப் பக்கத்தில் 88 ஏக்கர் நிலத்தில் குடியேறினார். உறவினர்கள் பலர் அங்கே இருந்தார்கள். அவர்களில் சிலர் ஏற்கெனவே கால்நடைத் திருட்டு வழக்குகளில் போலீஸுக்குத் தெரிந்த முகங்கள். ஆக, குடும்பப் பெயரே போதும், கண் அங்கே திரும்பிவிடும்.

18 மாதங்களில் 4 கைது

நெட்டின் பதின்பருவத்தை வரிசையாகப் பார்ப்போம்.

1869 அக்டோபர்: ஒரு சீன வியாபாரியைத் தாக்கிப் பணம் பறித்ததாகக் கைது. சுமார் 10 நாள் காவல். வழக்கு தள்ளுபடி.

1870 மே: ஹாரி பவர் என்ற வழிப்பறிக்காரருக்கு உதவியாளாக இருந்ததாகக் கைது. வழக்குகள் நிற்கவில்லை. ஆனால் அவர் பவரோடு சுற்றியது உண்மை.

1870 இறுதி: ஒரு வியாபாரியோடு தகராறு. அடித்ததற்கு 3 மாதம், ஆபாசமான கடிதம் அனுப்பியதற்கு 3 மாதம்.

1871 ஏப்ரல்: ஒரு பெண் குதிரை. இதுதான் முக்கியம்.

மேன்ஸ்ஃபீல்டு ஊர் போஸ்ட்மாஸ்டரின் குதிரை அது. 'வைல்டு' ரைட் என்ற நண்பர் அதை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். நெட் அதில் ஏறிப் போய்க்கொண்டிருந்தபோது கிரெட்டாவின் கான்ஸ்டபிள் ஹால் மடக்கினார். தகராறில் ஹால் துப்பாக்கியை எடுத்துச் சுட முயன்றார், குண்டு வெடிக்கவில்லை. பிறகு துப்பாக்கியின் கட்டையாலேயே நெட்டின் தலையில் அடித்தார்.

குதிரைத் திருட்டு வழக்குப் போட்டார்கள். ஒரு சிக்கல் வந்தது. குதிரை காணாமல்போன நேரத்தில் நெட் சிறையில் இருந்தார்! திருடியிருக்கவே முடியாது. உடனே குற்றச்சாட்டு மாறியது: திருட்டுக் குதிரை என்று தெரிந்தே வாங்கினார். தண்டனை 3 ஆண்டு கடுங்காவல். குதிரையை எடுத்துவந்த ரைட்டுக்கு? 18 மாதம்.

எடுத்தவரைவிட ஏறிப்போனவருக்கு இரண்டு மடங்கு. அப்போது நெட்டுக்கு வயது 16.

நான்கு கைதுகளில் இரண்டில் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அதற்காக மிச்சம் இரண்டிலும் அவர் அப்பாவி என்று அர்த்தமில்லை. முரட்டுப் பையன்தான், சந்தேகமே இல்லை. ஆனால் குற்றப் பதிவேட்டை வைத்து ஒருவரைக் கணக்குப்போடும் முன்பு ஒன்றை யோசிக்க வேண்டும். யார் தப்பு செய்தார்கள் என்பது மட்டும் அந்தப் பதிவேட்டில் இல்லை. போலீஸ் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதும் அதில்தான் பதிவாகிறது. இரண்டையும் பிரிப்பது தரவுகளோடு வேலை செய்யும் எல்லோருக்கும் உள்ள தலைவலி.

சின்ன வழக்கானாலும் உள்ளே தள்ளுங்கள்

1874 பிப்ரவரியில் விடுதலையானார். அடுத்த சில ஆண்டுகள் மரம் அறுக்கும் மில்களில் வேலை பார்த்தார். பெரிதாக வம்பு எதுவும் இல்லை. பிறகு அம்மாவின் இரண்டாவது கணவர் ஜார்ஜ் கிங்கோடு சேர்ந்து குதிரைத் திருட்டில் இறங்கினார். இந்த முறை சந்தேகத்துக்கு இடமில்லை. பண்ணையார்களின் குதிரைகளைக் கிளப்பி, எல்லை தாண்டி விற்றார்கள். இதை நெட்டே பின்னர் மறைக்கவில்லை. சிறு குடியானவர்களின் மாட்டைப் பவுண்டில் அடைக்கும் பண்ணையார்களுக்கு இது பதிலடி என்பது அவர் சொன்ன நியாயம். ஆனால் திருட்டு, திருட்டுதான்.

இதே காலத்தில், 1877-ல், நிக்கல்சன் என்ற போலீஸ் மேலதிகாரி அந்த மாவட்டத்துக்கு வந்தார். எல்லன் கெல்லியின் வீட்டையும் பார்த்தார். மரப்பட்டையால் கட்டிய குடிசை, கண்ணில் தெரிந்த வறுமை, எல்லாம் அவர் குறிப்பில் இருக்கிறது. அதன்பிறகு அவர் உள்ளூர் போலீஸுக்குக் கொடுத்த வழிகாட்டுதல்தான் இந்தக் கதையின் மையம். துன்புறுத்த வேண்டாம், ஆனால் இவர்கள் ஏதாவது அற்பமான குற்றம் செய்து சிக்கினாலும் விடாதீர்கள், சின்னத் தண்டனையாக இருந்தாலும் பென்ட்ரிட்ஜ் சிறைக்கு அனுப்புங்கள், ஊரில் இவர்களுக்கு இருக்கும் செல்வாக்கு உடைய வேண்டும் என்பது அதன் சாரம்.

என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். திருட்டு நடந்தால் திருடனைப் பிடிப்பது ஒரு வகை. ஒரு குடும்பத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, குற்றத்துக்காகக் காத்திருப்பது இன்னொரு வகை. இரண்டாவதுதான் கிரெட்டாவில் நடந்தது.

கான்ஸ்டபிள் தனியாக வந்த நாள்

1878 ஏப்ரல் 15. நெட்டின் தம்பி டேன் மீது குதிரைத் திருட்டு வாரண்ட் இருந்தது. ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற கான்ஸ்டபிள் அவரைப் பிடிக்கத் தனியாகவே எல்லன் வீட்டுக்குப் போனார். வாரண்ட் கையில் இல்லை. வழியில் குடித்திருந்தார்.

உள்ளே என்ன நடந்தது என்பதில் இரு தரப்பும் இன்றுவரை மோதுகின்றன. நெட் தன்னைச் சுட்டார், மணிக்கட்டில் காயம் என்றார் கான்ஸ்டபிள். நான் அங்கே இல்லவே இல்லை என்றார் நெட். கெல்லி சகோதரர்கள் மலைக்காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். வெகுமதி அறிவிக்கப்பட்டது.

கிடைத்தவர்களைப் போலீஸ் பிடித்தது. கைக்குழந்தையோடு இருந்த எல்லன், மருமகன், பக்கத்து வீட்டுக்காரர் என்று 3 பேர். கொலை முயற்சிக்கு உதவியதாக நீதிபதி ரெட்மண்ட் பேரி எல்லனுக்கு 3 ஆண்டும், மற்ற இருவருக்கும் தலா 6 ஆண்டும் கொடுத்தார். இத்தனைக்கும் முக்கிய சாட்சி ஃபிட்ஸ்பேட்ரிக். நடத்தை சரியில்லை என்று அவரைப் போலீஸ் துறையே 1880-ல் வேலையைவிட்டு நீக்கியது.

ஸ்ட்ரிங்கிபார்க் ஓடை

இதுவரை படித்ததில் உங்களுக்கு நெட் மேல் பரிதாபம் வந்திருக்கலாம். அடுத்து வருவதையும் அதே கவனத்தோடு படியுங்கள்.

1878 அக்டோபர் 26. கெல்லிகளைத் தேடி 4 போலீஸ்காரர்கள் ஸ்ட்ரிங்கிபார்க் ஓடை அருகே முகாம் போட்டிருந்தார்கள். நெட், டேன், நண்பர்கள் ஜோ பைர்ன், ஸ்டீவ் ஹார்ட் ஆகியோர் அவர்களை மடக்கினார்கள். சார்ஜென்ட் கென்னடி, கான்ஸ்டபிள்கள் லோனிகன், ஸ்கேன்லன் ஆகிய மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மெக்கின்டயர் மட்டும் தப்பினார்.

தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார் நெட். கொல்லப்பட்டவர்கள் பக்கம் நின்று பாருங்கள். மூவரும் அயர்லாந்தில் பிறந்து பிழைப்புக்காகக் காலனிக்கு வந்தவர்கள். இருவருக்கு மனைவி, பிள்ளைகள். ரெட் கெல்லியின் நாட்டிலிருந்தே வந்து, அதே காலனியில் சம்பளத்துக்குச் சீருடை போட்டவர்கள். மேலதிகாரிகள் வகுத்த கொள்கைக்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

விசாரணை இல்லாத சிறை

அரசு ஒரு புதிய சட்டத்தை அவசரமாக நிறைவேற்றியது. நால்வரும் சட்டத்துக்குப் புறம்பானவர்கள். யார் வேண்டுமானாலும் அவர்களைச் சுடலாம். அடைக்கலம் கொடுத்தால் 15 ஆண்டு வரை சிறை.

1878 டிசம்பரில் யூரோவாவிலும் 1879 பிப்ரவரியில் ஜெரில்டரியிலும் அந்தக் கும்பல் வங்கிகளைக் கொள்ளையடித்தது. ஒவ்வொன்றிலும் 2,000 பவுண்டுக்கு மேல். ஜெரில்டரியில் கடன் பத்திரங்களையும் எரித்தார்கள். அங்கேதான் சுமார் 8,000 சொற்கள் கொண்ட ஒரு கடிதத்தை நெட் விட்டுச்சென்றார். தன் குடும்பத்தைப் போலீஸ் நடத்திய விதம் பற்றிய நீண்ட குமுறல் அது. இன்று விக்டோரியா மாநில நூலகத்தில் இருக்கிறது. வெகுமதி 8,000 பவுண்டாக உயர்ந்தது.

போலீஸால் கும்பலைப் பிடிக்க முடியவில்லை. அதனால் ஆதரவாளர்கள் என்று பட்டியல் போட்டு 20-க்கும் மேற்பட்டவர்களை 1879 ஜனவரியில் கைது செய்தது. ஆதாரம் எதையும் காட்டாமல், வாராவாரம் காவலை நீட்டி, சிலரை 3 மாதத்துக்கு மேல் வைத்திருந்தது. அறுவடை நேரம் அது. பயிரைப் பார்க்க ஆளில்லாமல் போன குடும்பங்கள் யார் பக்கம் சாய்ந்திருக்கும், சொல்லுங்கள்? அதோடு நிற்கவில்லை. சந்தேகப் பட்டியலில் இருந்தவர்களுக்குப் புதிதாக நிலம் கொடுக்கக் கூடாது என்றும் போலீஸ் தலையிட்டது.

கிளென்ரோவனும் தூக்குமேடையும்

1880 ஜூன் 26-ல், போலீஸுக்குத் துப்புக் கொடுத்ததாகச் சந்தேகித்து, ஆரன் ஷெரிட் என்ற பழைய நண்பரை அந்தக் கும்பல் கொன்றது. விஷயம் தெரிந்து போலீஸ் ரயிலில் வரும் என்று எதிர்பார்த்து, கிளென்ரோவனில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். ரயில் கவிழ்ந்திருந்தால் பலர் செத்திருப்பார்கள். தாமஸ் கர்னோ என்ற பள்ளி ஆசிரியர் ரயிலை நிறுத்தி எச்சரித்ததால் அது நடக்கவில்லை.

ஊர் விடுதியில் 60 பேர் அளவில் பணயக்கைதிகள். வெளியே போலீஸ். ஏர்க்கலப்பை இரும்பைத் தட்டிச் செய்த, சுமார் 44 கிலோ எடையுள்ள கவசத்தோடு நெட் வெளியே வந்து சுட்டார். காலில் குண்டு பாய்ந்து விழுந்தார். மற்ற மூவரும் இறந்தார்கள். போலீஸ் சுட்டதில் விடுதி நடத்தியவரின் சிறுவயது மகன் உட்பட பணயக்கைதிகளும் பலியானார்கள். கவசத்துக்கு உள்ளே நெட் கட்டியிருந்தது என்ன தெரியுமா? சிறுவயதில் கிடைத்த அந்தப் பச்சைப் பட்டு.

அம்மாவுக்குத் தண்டனை கொடுத்த அதே நீதிபதி பேரிதான் மகனையும் விசாரித்தார். 2 நாளில் முடிந்தது. 30,000-க்கும் மேற்பட்டோர் கருணை மனுவில் கையெழுத்திட்டார்கள். பலனில்லை. 1880 நவம்பர் 11-ல் மெல்போர்ன் சிறையில் நெட் தூக்கிலிடப்பட்டார். வயது சுமார் 25. அதே சிறையில்தான் எல்லனும் இருந்தார். 12 நாள் கழித்து நீதிபதி பேரியும் நோயால் இறந்தார்.

வெகுமதியைப் பிரித்த விதத்தையும் பாருங்கள். போலீஸ் அதிகாரி ஹேருக்கு 800 பவுண்டு. ஆசிரியர் கர்னோவுக்கு 550. குயின்ஸ்லாந்திலிருந்து கொண்டுவரப்பட்டு மாதக்கணக்கில் தடம் தேடிய பழங்குடி ட்ராக்கர்களுக்கு ஆளுக்கு 50. அதுவும் அவர்கள் கையில் கொடுக்கப்படவில்லை. பணத்தைக் கையாள அவர்களுக்குத் தெரியாது என்று சொல்லி அரசிடமே ஒப்படைத்தார்கள்.

கமிஷன் என்ன சொன்னது?

1881-ல் விக்டோரியா போலீஸ் பற்றி ஓர் அரசு விசாரணை கமிஷன் அமைந்தது. லாங்மோர் கமிஷன் என்பார்கள். கெல்லி கும்பலை அது நியாயப்படுத்தவில்லை. ஆனால் மேலதிகாரிகளின் திறமையின்மையையும் உட்பூசலையும் கிழித்துப் போட்டது. நிக்கல்சன், ஹேர் இருவரையும் பணியிலிருந்து ஓய்வுபெறச் செய்யப் பரிந்துரைத்தது.

கிரெட்டாவில் பதற்றம் தணிந்தது துப்பாக்கியால் அல்ல. ராபர்ட் கிரஹாம் என்ற கான்ஸ்டபிள் அங்கே பொறுப்பேற்று, மக்களோடு பேசிப் பழகி, விடுதலையாகி வந்த எல்லனின் நம்பிக்கையையும் பெற்றார். எல்லன் 1923 வரை வாழ்ந்தார். அந்த ஊரில் இன்னொரு கெல்லி கும்பல் உருவாகவில்லை.

நமக்கு இதில் என்ன?

நேரடித் தொடர்பு ஒன்று இருக்கிறது. விக்டோரியா போலீஸில் அயர்லாந்துக்காரர்கள் ஏராளம், அயர்லாந்துக் காவல்படையில் இருந்துவிட்டு வந்தவர்களும் அதில் உண்டு. அதே அயர்லாந்துப் படையை மாதிரியாக வைத்துத்தான் 1843-ல் சார்லஸ் நேப்பியர் சிந்து மாகாணத்தில் போலீஸை அமைத்தார். அந்த அனுபவம் 1861-ம் ஆண்டு இந்தியப் போலீஸ் சட்டத்துக்கு அடித்தளங்களில் ஒன்றானது. உள்ளூர் மக்களுக்குப் பதில் சொல்வதைவிட, அரசுக்குப் பதில் சொல்லும் போலீஸ்.

நெட் கெல்லி குதிரைக்காக 3 ஆண்டு தண்டனை பெற்ற 1871-ல்தான், இங்கே பிரிட்டிஷ் அரசு குற்றப் பழங்குடிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. அங்கே ஒரு குடும்பத்தின் பெயரைப் பார்த்துப் போலீஸ் வழக்குக்குக் காத்திருந்தது. இங்கே முழுச் சமூகங்களையே பிறப்பால் குற்றவாளிகள் என்று பதிவேட்டில் ஏற்றினார்கள். இரண்டும் ஒன்றல்ல. கெல்லிகள், பறிக்கப்பட்ட நிலத்தில் குடியேறிய வெள்ளையர்கள். அவர்களுக்கு வழக்கும் சாட்சியும் மேலே ஒரு விசாரணை கமிஷனும் கிடைத்தன. இங்கே பதிவேட்டில் பெயர் ஏற, குற்றம் செய்திருக்கவே தேவையில்லை.

அந்தச் சட்டம் 1952-ல் நீக்கப்பட்டது. ஆனால் 'வழக்கமான குற்றவாளி' என்ற பட்டியல் பல மாநிலங்களில் வேறு சட்டங்களின் பெயரில் தொடர்ந்தது.

அடுத்த முறை ஒருவர் மீது இத்தனை வழக்குகள் இருக்கின்றன என்று செய்தியில் படிக்கும்போது, அந்த எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை வழக்கில் தண்டனை, எத்தனை தள்ளுபடி, முதல் வழக்கு எந்த வயதில், எதற்காக என்றும் கேளுங்கள். நெட் கெல்லி செய்த கொலைகளை இந்தக் கேள்விகள் அழித்துவிடாது. ஆனால் 1871-லேயே யாராவது அவற்றைக் கேட்டிருந்தால், ஒருவேளை அந்த மூன்று போலீஸ்காரர்களும் வீடு திரும்பியிருக்கலாம்.